வாசல் மெஷின் சொன்ன பொய்

“திருடி” என்ற சொல்லை அந்த வெள்ளைக்காரம்மா யாரிடம் கற்றாள் என்று எனக்குத் தெரியாது. காய்கறிக்காரியிடம் “கம்மி பண்ணுங்க” என்று கேட்கும் அளவுக்கு அவளுக்குத் தமிழ் வரும். அன்று காலை என் பிரவுசிங் சென்டருக்குள் வந்தவள், எட்டு கம்ப்யூட்டரிலும் ஆள் உட்கார்ந்திருக்க, என் முகத்துக்கு நேராக விரலை நீட்டி அந்த ஒரு சொல்லைச் சுத்தமான தமிழில் சொன்னாள். மிச்சமெல்லாம் ஆங்கிலம். அவளுடைய மெயில் பாஸ்வேர்டை நான் திருடிவிட்டேனாம். அவள் பெயரில் அவளுடைய சிநேகிதர்களுக்கெல்லாம் கடிதம் போயிருக்கிறதாம். இந்தியாவில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன், கையில் காசில்லை, உடனே அனுப்புங்கள் என்று. அவளுடைய வயதான தாய் பதறிப்போய் அனுப்பியும் விட்டாளாம்.

“இந்த ஊரில் நான் வேறெங்கும் மெயில் திறந்ததே இல்லை. இங்கே மட்டும்தான்” என்று கத்தினாள்.

அவள் எங்கள் ஊருக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வெள்ளைப் புடவை, வெள்ளை ரவிக்கை, எதிரே யார் வந்தாலும் ஒரு கும்பிடு. மழை நாளில் கரண்ட் போனால் என் கடையிலேயே உட்கார்ந்து என்னோடு டீ குடிப்பாள். அன்று அவளுக்குப் பின்னால் அவளுடைய வெளிநாட்டுக் கூட்டத்தார் நாலைந்து பேர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள். நான் பேச வாய் திறக்கும் முன்பே உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதை நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அது முடியாது என்று இப்போதே தெரிகிறது.

2008இல் நடந்தது இது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு மாடிக் கட்டடம். என் கணவர் வீட்டுச் சொத்து. மாடியில் அவருடைய அண்ணன் வாடகை அறைகளும் ஒரு டிராவல்ஸ் ஆபீசும் நடத்தினார். கீழே ரோட்டைப் பார்த்த கடையில் என் சென்டர். நான் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவள். எட்டு கம்ப்யூட்டரும் என் அப்பா வாங்கிக் கொடுத்தவை. என் கணவருக்குக் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை. காலையில் போனால் சாயந்திரம்தான் வருவார். அதனால் பகல் முழுக்க நானும் மாமாவும்தான் ஒரே கட்டடத்தில். கணவரின் அண்ணனை நான் மாமா என்றுதான் கூப்பிட்டேன். அவருக்கு என் கடை இருந்த இடத்தின்மேல் ரொம்ப நாளாகக் கண். அங்கே ஒரு கஃபே போட்டால் வெளிநாட்டுக்காரர்கள் மொய்ப்பார்கள் என்று என் காதுபடவே சொல்வார்.

கட்டடத்துக்கு வந்தது ஒரே இன்டர்நெட் லைன். அது முதலில் கடை வாசலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மெஷினுக்குள் நுழையும். அதிலிருந்து என்னுடைய எட்டுக்கும், மாடி ஆபீசுக்கும் ஒயர் போகும். அந்த வாசல் மெஷினை மாமாதான் வேலூரிலிருந்து ஒரு சர்வீஸ் ஆளைக் கூட்டிவந்து போட வைத்தார். அதன் பாஸ்வேர்டும் அந்த ஆளிடம்தான் இருந்தது. எனக்குத் தரக் கூடாது என்று மாமா சொல்லியிருந்தார்.

வெள்ளைக்காரம்மா கத்திவிட்டுப் போன பிறகு காலியான கடையில் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். சில நாட்களாகவே வருகிறவர்கள் ஒரே குறையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மெயில் திறக்கப் பாஸ்வேர்டைப் போட்டால் முதல் தடவை தப்பு என்கிறது, இரண்டாம் தடவை திறக்கிறது என்று. கீபோர்டில் தூசி என்று நினைத்து எட்டையும் கழற்றித் துடைத்து வைத்திருந்தேன். இப்போது நானே ஒரு கம்ப்யூட்டரில் அந்த மெயில் பக்கத்தைத் திறந்தேன். மேலே முகவரி சரியாக இருந்தது. பக்கமும் அச்சு அசலாக இருந்தது. ஒரு பொய்ப் பாஸ்வேர்டை அடித்தேன். தப்பு என்றது. மறுபடி திறந்த பக்கத்தின் முகவரியில், முன்பு இல்லாத சில எழுத்துகள் கூடுதலாக இருந்தன. முதலில் வந்தது பாஸ்வேர்டைப் பிடுங்கும் போலிப் பக்கம், அடுத்து வந்ததுதான் நிஜப் பக்கம் என்று அப்போதுதான் புரிந்தது.

என்னோடு கல்லூரியில் படித்த ஒருத்தி சென்னையில் நெட்வொர்க் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். அவளுக்கு போன் போட்டேன்.

“அந்த மெயில் பேருக்கு உன் மெஷின்ல இன்னா நம்பர் காட்டுது, படி” என்றாள்.

படித்தேன். அவளும் தன் கம்ப்யூட்டரில் அதே பெயரைக் கேட்டுப் பார்த்தாள்.

“எனக்கு வேற நம்பர் வருதுடி. உன்னுது அவங்க கம்பெனி நம்பரே கிடையாது. வாசல் மெஷின்ல பேரைக் கேட்டு நம்பர் வாங்கித் தர்ற சாஃப்ட்வேர் எது ஓடுது?”

பெயரைச் சொன்னேன். எந்தப் பதிப்பு என்று கேட்டாள். அதை மெஷினிடமே கேட்கலாம், பாஸ்வேர்டு வேண்டாம். கேட்டுச் சொன்னேன்.

“போச்சு. அதுல ஓட்டை இருக்குன்னு சொல்லி உலகம் பூரா மாத்திக்கினு இருக்காங்க. நீ இன்னும் பழசையே ஓட்டறியா?”

அவள் சொன்னதை இப்படி எழுதினால் எல்லாருக்கும் புரியும். ஒரு பக்கத்தைத் திறக்க நாம் அடிக்கிற பெயர் கம்ப்யூட்டருக்கு ஆகாது, அதற்கு எண் வேண்டும். வாசல் மெஷின் அந்தப் பெயரை வெளியே அனுப்பி, இதற்கு எண் என்ன என்று கேட்கும். விடை வந்ததும் நமக்குத் தரும், தானும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். அடுத்த ஆள் அதே பெயரைக் கேட்டால் வெளியே போகாமல் ஞாபகத்தில் இருப்பதையே கொடுக்கும். வேகமாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. ஆனால் விடை சொன்னது யார் என்று அது விசாரிப்பதில்லை. கேள்வியோடு ஓர் அடையாள எண்ணை ஒட்டி அனுப்பும். அதே அடையாள எண்ணோடு முதலில் எது வந்து விழுகிறதோ அதை நம்பிவிடும். நிஜமான விடை வந்து சேர்வதற்குள் எவனோ ஒருவன் ஆயிரக்கணக்கான பொய் விடைகளை, ஒவ்வொன்றிலும் வேறு வேறு அடையாள எண்ணோடு வீசினால், ஏதோ ஒன்று பொருந்திவிடும். அதன் பிறகு அந்த மெஷின் கேட்கிறவர்களுக்கெல்லாம் அந்தப் பொய்யையே சொல்லிக்கொண்டிருக்கும். யார் மேலும் அதற்கு விரோதமில்லை. எல்லாரையும் ஒரே மாதிரி தப்பான வீட்டுக்கு அனுப்பும்.

வீசியவன் எந்த ஊர், எந்த நாடு, கடைசி வரை தெரியவில்லை.

மாடிக்கு ஓடினேன். மாமா நாற்காலியில் சாய்ந்து யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார். காலையில் கீழே நடந்த கூச்சல் முழுவதும் அவர் காதில் விழுந்திருக்கும். இறங்கி வரவில்லை.

“மாமா, வாசல் மெஷின் கெட்டுப்போயிருக்கு. அந்த சர்வீஸ் ஆள இன்னைக்கே வரச் சொல்லுங்க. சாஃப்ட்வேர் மாத்தணும்.”

“நல்லா ஓடிக்கினு இருக்கிற மெஷின ஏம்மா நோண்டற?”

“ஓடுது. ஆனா பொய் சொல்லுது. நம்ம லைன்ல மெயில் தொறக்கறவங்க பாஸ்வேர்டு எல்லாம் எங்கியோ போவுது. அது சரியாவற வரைக்கும் நீங்களும் இந்த ஆபீஸ்ல மெயில் தொறக்காதீங்க. நான் வேணா உங்க கம்ப்யூட்டர்ல ஒரு நம்பர மாத்திக் குடுத்துடறேன், ரெண்டு நிமிஷ வேலை.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கீழ உன்னத் திருடின்னு சொல்லிட்டுப் போறாங்க. நீ மேல வந்து என் கம்ப்யூட்டர்ல கை வெக்கறேன்றியா? போம்மா. போயி உன் வேலையப் பாரு.”

போனேன். என் எட்டு கம்ப்யூட்டரையும் வாசல் மெஷினிடம் பெயர் கேட்காதபடி, நேராக வெளியே கேட்கும்படி மாற்றினேன். இணைப்பு அதன் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் அதைப் பிடுங்கிப் போட முடியவில்லை. ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஞாபகம் அழிந்து கொஞ்ச நேரம் சரியான எண்ணைச் சொன்னது. மறுநாள் பார்த்தால் பழைய பொய். வேலூர் ஆளுக்கு நானே போன் செய்தேன். “ஓனர் சொன்னாத்தான் வருவேன் மேடம்” என்றான்.

அதற்குள் ரோடு முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. அறைகளிலும் கஃபேக்களிலும் தங்கியிருந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்த சென்டருக்குப் போகாதே, அவள் பாஸ்வேர்டை எடுக்கிறாள். எதிர்ச் சாரியில் சென்டர் வைத்திருந்தவன் வாசலில் நின்று ஆட்களைக் கைகாட்டிக் கூப்பிட்டான். தினமும் வணக்கம் சொன்ன டீக்கடைக்காரர்கூட என்னைப் பார்த்ததும் பாத்திரம் கழுவுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கினார். நான் வெள்ளைத்தாளில் ஆங்கிலத்தில், இங்கே உள்ள கம்ப்யூட்டர்கள் இப்போது பாதுகாப்பானவை, உங்கள் பாஸ்வேர்டை உடனே மாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். அதைப் படித்தவர்கள், பார், அவளே ஒத்துக்கொள்கிறாள் என்றார்கள்.

மலைமேல் ஏற்றும் தீபத்துக்குக் கூட்டம் சேரும் சமயம் அது. ஒரு காலை மாடிப்படியில் பெட்டி படுக்கையோடு மனிதர்கள். பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம், வடக்கத்தியர் சிலர், வெளிநாட்டு ஜோடிகள். எல்லாரும் மாமாவின் மெயிலிலிருந்து பதில் வாங்கி, அதில் சொன்ன கணக்குக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தவர்கள். மாமாவுக்கு ஒன்றும் தெரியாது. அறைகள் எல்லாம் ஏற்கெனவே நிறைந்திருந்தன. அவருடைய மெயில் பெட்டியில் வேறொருவன் உட்கார்ந்து, அவர் பெயரில் பதில் எழுதி, பணத்தை வேறெங்கோ வாங்கிக்கொண்டிருந்தான். பதில்களை அழித்தும் விட்டிருந்தான்.

பெங்களூர்க்காரர் மாமாவின் சட்டையைப் பிடித்தார். மாமா அவர் கையைத் தட்டிவிட்டு, மாடிக் கைப்பிடியில் சாய்ந்து கீழே என்னைக் காட்டினார்.

“அங்க கேளுங்க! எல்லாம் அவ வேலை. என் தம்பி பொண்டாட்டிதான். வீட்டுக்குள்ளயே வெச்சிக்கினு இருந்திருக்கேன்.”

படியில் இருந்த அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. “நான் மொதல்லயே சொல்லல? மெயில் தொறக்காதீங்கன்னு சொல்லல?” என்று கத்தினேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. “சொல்லிட்டுச் செஞ்சியா?” என்றார் மாமா. கூட்டம் அதைக் கேட்டுத் தலையாட்டியது. அந்தக் குடும்பத்தின் பெண்மணி இறங்கி வந்து என் கடைக் கண்ணாடிமேல் தண்ணீர் பாட்டிலை வீசினாள். கண்ணாடி உடையவில்லை. நான் வெளியே போய் அந்தப் பாட்டிலை எடுத்து அவள் காலடியில் திருப்பி வீசினேன்.

மதியம் காவல் நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நான் அவரை மாடிக்கும் கீழே என் கடைக்கும் அழைத்துப்போய்க் காட்டினேன். மாமாவின் கம்ப்யூட்டரில் அந்த மெயில் பெயரைக் கேட்டால் ஓர் எண். என் கடையில் கேட்டால் வேறொன்று. அவர் பொறுமையாகத்தான் பார்த்தார்.

“ரெண்டு நம்பர். சரி. மாத்தினது யாரு?”

“தெரியல சார். வெளியிலேருந்து எவனோ.”

“பொய் சொன்னது?”

“இந்த மெஷின் சார்.”

“மெஷின் மேல கேஸ் போட முடியாதும்மா.” கொஞ்சம் நிறுத்தி, “மாத்தினவன் யாருன்னு தெரியலன்றே. அப்போ நீயாவும் இருக்கலாம், இல்லியா?” என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை என்று இன்றைக்கு எழுத முடிகிறது. அன்றைக்கு அவர் தொப்பியைப் பிடுங்கி ரோட்டில் எறிய வேண்டும் போலிருந்தது. விசாரித்துவிட்டுச் சொல்கிறேன், அது வரை கடை திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. வழக்கு எதுவும் ஆகவில்லை.

அவர் ஜீப் திரும்பியதும் மாமா இறங்கி வந்து என் கடையின் ஷட்டரை இழுத்துவிட்டுத் தன்னுடைய பூட்டைப் போட்டார். என் பூட்டை என் கையில் கொடுத்தார்.

சாயந்திரம் கணவர் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“அண்ணன்கிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுடேன். முடிஞ்சி போயிடும்.”

“எதுக்குங்க?”

“எதுக்கோ.”

“நான் இன்னா தப்பு பண்ணேன்னு நீங்க சொல்லுங்க. கேட்டுட்டு வர்றேன்.”

“தப்பு பண்ணேன்னு நான் சொல்லல. அவரு பெரியவரு.”

“நீங்க நம்பறீங்களா? நான் திருடினேன்னு?”

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, “எனக்கு கம்ப்யூட்டர் பத்தி இன்னா தெரியும்” என்றார். அதன் பிறகு தீபம் முடியும் வரை அவரோடு நான் பேசவில்லை. சமைத்து வைப்பேன். போட்டுக்கொண்டு சாப்பிடுவார்.

தீபக் கூட்டம் கலைந்த பிறகு ஒரு நண்பகலில் நான் ஒரு டெம்போவையும், பூட்டு உடைக்கிற ஆள் ஒருவரையும் கூட்டிக்கொண்டு செங்கம் ரோட்டுக்குப் போனேன். எல்லாரும் பார்க்க வேண்டும் என்றுதான் அந்த நேரத்தில் போனேன். சுத்தியல் சத்தம் கேட்டு மாமா கைப்பிடிக்கு வந்தார்.

“யார் பூட்டை யார் உடைக்கிறது? போலீசக் கூப்பிடட்டுமா?”

“கூப்பிடுங்க. உள்ள இருக்கிறது எங்கப்பா வாங்கிக் குடுத்தது. அவங்க வந்தா அதையும் சொல்றேன். வாசல் மெஷின் பாஸ்வேர்டு யார்கிட்ட இருந்துச்சின்னும் சொல்றேன்.”

“இந்த வாசப்படி இனிமே மிதிக்காத.”

“நீங்க காலப் புடிச்சிக் கூப்பிட்டாலும் மிதிக்க மாட்டேன்.”

பூட்டு உடைந்தது. பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் மெஷின் வைத்திருந்த பாய் எழுந்து வந்தார். என்னை நம்புகிறாரா இல்லையா என்று அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ஒரு மானிட்டரை மார்போடு அணைத்துத் தூக்கி, “ஒயரு கால்ல மாட்டும், பாத்து வாம்மா” என்றபடி டெம்போவில் ஏற்றினார். எட்டும் ஏறின. வாசல் மெஷினை மட்டும் அது இருந்த இடத்திலேயே விட்டேன். அது மாமாவுடையது.

கீழ்பென்னாத்தூரில், கணவரின் உரக்கடைக்கு நாலு கடை தள்ளி, பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இடம் பிடித்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பரீட்சை முடிவு பார்க்கிறவர்கள், வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள், துபாயில் இருக்கும் பிள்ளைக்கு போட்டோ அனுப்பச் சொல்கிறவர்கள் வந்தார்கள். மெயில் திறந்து தரச் சொல்லிப் பாஸ்வேர்டைச் சத்தமாகக் கத்துவார்கள். காதைப் பொத்திக்கொண்டு, “நீங்களே அடிங்க” என்பேன். கோபக்காரம்மா என்று பெயர் வந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

செங்கம் ரோட்டில் மாமா நினைத்தபடியே கஃபே திறந்தார். வேலூர் ஆளே வந்து புது சாஃப்ட்வேர் போட்டதாகக் கேள்விப்பட்டேன். அதாவது, பழையதில் குறை இருந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்காக அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. வீட்டு விசேஷங்களில் பார்த்தால் நான் ஒரு மூலை, அவர் ஒரு மூலை.

அடுத்த வருடம் அடி அண்ணாமலையில் இருக்கும் என் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். பௌர்ணமி இல்லாததால் கிரிவலப் பாதையில் கூட்டமில்லை. எதிரே வெறுங்காலோடு அந்த வெள்ளைக்காரம்மா வந்தாள். தப்பிக்க வழியில்லை, எனக்கும் தப்பிக்க விருப்பமில்லை. அவள் நின்று இரண்டு கையையும் சேர்த்தாள். கண்ணை மூடித் திறந்தாள்.

“உன்னை நான் மன்னித்துவிட்டேன்” என்றாள் ஆங்கிலத்தில்.

“எதற்கு?” என்றேன்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்றும் வெறுக்கிறேன்.

“நான் திருடவில்லை. வாசல் மெஷினில் ஓட்டை இருந்தது. உலகம் முழுக்க அதே ஓட்டை இருந்தது. உங்கள் ஊரிலும் இருந்தது. விசாரித்தீர்களா?”

“அதெல்லாம் இப்போது முக்கியமில்லை. கோபம் உன்னையே எரித்துவிடும். விட்டுவிடு.”

“எனக்கு அது முக்கியம். என் கடையில், என் ஆட்கள் முன்னால் சொன்னீர்கள். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அதே ரோட்டில் வந்து சொல்லுங்கள். அதன் பிறகு யார் யாரை மன்னிப்பது என்று பார்க்கலாம்.”

அவள் முகத்தில் ஒரு கணம் ஏதோ மாறியது. அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. யாரோ அவளுக்கும் சொல்லியிருக்க வேண்டும், முந்தின வருடம் எல்லாப் பத்திரிகையிலும் ஒரு மூலையில் வந்த செய்தி அது. ஆனால் அவள் மறுபடியும் கும்பிட்டாள், என்னைச் சுற்றிக்கொண்டு நடையைத் தொடர்ந்தாள். மலையைப் பார்த்தபடி, நிதானமாக, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு.

“நான் உங்களை மன்னிக்கவில்லை!” என்று அவள் முதுகைப் பார்த்துக் கத்தினேன். பாதையோரம் வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்த பெண் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

அத்தை வீட்டுக்குள் நுழைந்ததும், “இன்னாடி, மூஞ்சி இப்பிடி செவந்து கெடக்குது?” என்றாள் அத்தை. வெயில் என்றேன். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டேன்.